வெறுந்தட்டுக்கு ஒரு சொட்டு

எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்தில் அவளை எல்லோரும் இதயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் காவலாளி வைத்த பெயர். எலிக்குஞ்சுகளின் இதயத்தைப் பிரித்து, செல்களைத் தட்டில் போட்டு வளர்க்கிற வேலை அவளுக்கு. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயருக்குச் சண்டைக்குப் போயிருப்பார்கள். அவளோ, "இருக்கட்டும்டி, கல்நெஞ்சக்காரின்னு வைக்காம விட்டானே" என்று சிரித்தாள்.

நான் அதே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். படித்தவர்கள் அழுக்காக்கிப் போடுவதையெல்லாம் பளபளவென்று ஆக்கித் திருப்பிக் கொடுப்பது என் வேலை, அதை அவர்கள் மறுபடி அழுக்காக்குவது அவர்கள் வேலை. குப்பைத்தொட்டிகளும் என் ராஜ்ஜியம்தான். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதயக்காவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. சொன்னதை ஒழுங்காகச் செய்வாள், சொல்லாததையும் சேர்த்துச் செய்வாள். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ருசி பார்த்து, கேட்காமலே உப்புப் போடுவாள். எந்த மாணவனின் கோட்டிலாவது பொத்தான் தொங்கினால், அவன் போட்டிருக்கும்போதே ஊசி நூலோடு வந்து நிற்பாள். பக்கத்து வீட்டுச் செடி வாடினால் சுவருக்கு மேலே கையை நீட்டித் தண்ணீர் ஊற்றுவாள். "உனக்கேன்க்கா ஊர் வம்பு?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பாத்துட்டு எப்படிடி சும்மா இருக்கறது?"

வேலையில் மட்டும் அவளை அசைக்க முடியாது. அவள் தட்டில் விட்ட செல்கள் மறுநாளே தாமாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். முதலில் ஆளுக்கொரு தாளம். பிறகு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டதும் பிடிவாதத்தை விட்டுவிட்டு எல்லாம் சேர்ந்து துடிக்கும். மைக்ராஸ்கோப்பில் முதல் தடவை காட்டியபோது நான் அப்படியே வாயடைத்து நின்றேன். என் வாயை அடைத்த பெருமை இந்த உலகத்தில் அந்த எலிச் செல்களுக்கு மட்டும்தான்.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள், கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதோடு அவள் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் அனேகமாக நின்றுபோனது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று குப்பென்று வியர்த்து முகம் சிவக்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். லேடி டாக்டர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிய கையோடு நாத்தனார் வந்து, ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று கிளப்பிவிட்டுப் போனாள். அந்த நாத்தனார் தலைவலி மாத்திரையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கிறவள். அவள் பேச்சுக்கும் மரியாதை!

இன்னொரு பக்கம் அம்மாவின் நினைப்பு. இதயக்காவின் அம்மா, மாதவிலக்கு நின்ற சில வருஷத்தில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தவர். அதற்கு முன்னால் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம், வாயு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாத்திரையை முழுங்கவும் பயம், முழுங்காமல் இருக்கவும் பயம். இதயக்கா அந்த அட்டைகளைக் கைப்பையில் சுமந்துகொண்டு திரிந்தாள்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மேடம், ஆய்வுக்கூடத்தின் தலைவி, புது ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார். ஈஸ்ட்ரோஜன் இதயத் தசைச் செல்லை என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கால்சியம் பெருக வேண்டும், துடித்து முடித்ததும் வடிய வேண்டும். வடியாமல் தேங்கினால் செல் இறுகிக்கொள்ளும், விரியாது. ஆக்சிஜன் கொஞ்ச நேரம் இல்லாமல் போய்த் திரும்பி வரும்போது இந்த ஆபத்து அதிகம். மாரடைப்பில் நடப்பதும் அதுதானாம். ஈஸ்ட்ரோஜன் இருந்தால் செல் தாக்குப்பிடிக்கிறதா என்பது கேள்வி. பாதித் தட்டுகளுக்கு ஈஸ்ட்ரோஜன் உண்டு, அவை மருந்துத்தட்டு. மீதிக்கு ஒன்றும் கிடையாது, அவை வெறுந்தட்டு.

இதயக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"தட்டு சொல்லட்டும்டி. நல்லதுன்னு சொன்னா முழுங்கறேன்."

"தட்டு என்ன ஜோசியமா பாக்குது?"

"டாக்டர் வாயால சொல்றாங்க. இது என் கண்ணு முன்னாடி நடக்கும்."

பல மாதம் ஓடியது. மருந்துத்தட்டும் வெறுந்தட்டும் ஒரே மாதிரி துடித்தன. ஆக்சிஜனை நிறுத்தினாலும் ஒரே மாதிரி திணறின, கொடுத்ததும் ஒரே மாதிரி எழுந்தன. வித்தியாசம் மருந்துக்குக்கூட இல்லை. மேடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தார். இதயக்கா கைப்பையைத் திறந்து, பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்து என் குப்பைத்தொட்டியில் வீசினாள்.

"முடிஞ்சுது கதை. அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அவள் தலை மறைந்ததும் அட்டைகளைப் பொறுக்கி, துடைத்து, என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அம்மாவின் முகத்தை நான் பார்த்ததுகூடக் கிடையாது, ஆனால் அந்த நிமிஷம் அந்த அம்மாதான் என் கண்முன்னால் விழுந்து கிடந்தாள். இழுத்துக்கொண்டு லேடி டாக்டரிடம் போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"இப்போதைக்கு இதயத்துல கோளாறு ஒண்ணும் இல்ல. ஆனா இந்த வயசுல சினைப்பை இல்லாம, ஹார்மோனும் எடுத்துக்காம இருந்தா பின்னாடி இதயத்துக்குத்தான் கெடுதல். மத்த பொம்பளைங்களுக்கு இயற்கையா நிக்கற வயசு வரைக்குமாவது எடுத்துக்கணும். உங்களுக்கு எடுத்துக்கக்கூடாதுன்னு ஒரு காரணமும் இல்ல."

"எங்க தட்டுல ஒரு வித்தியாசமும் தெரியல டாக்டர்."

"தட்டுல இருக்கறது எலி. நீங்க எலியா?"

"எலிக்கே வேலை செய்யாதது எனக்கு மட்டும் செஞ்சிடுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒருநாள் நான் கழுவின பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இதயக்கா தட்டுகளுக்கு மீடியம், அதாவது செல்கள் குடிக்கிற திரவம், தயார் செய்துகொண்டிருந்தாள். மேடம் உள்ளே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன ஊத்தறீங்க?"

"கலர் மேடம்," என்றாள் இதயக்கா, திரும்பாமலே. "கம்பெனிக்காரன் பச்சத்தண்ணி மாதிரி அனுப்பறான். கலரு இருந்தாத்தானே மீடியம் புளிச்சுப்போனா மஞ்சளாகிக் காட்டிக் கொடுக்கும்? அதான் அலமாரியில இருந்த சிவப்புச் சாயத்தை நானே கலந்துக்கறேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே மேடம்."

மேடம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அந்தச் சாயம் வேணாம்னுதான் கலரில்லாததைத் தேடிப் பிடிச்சு வாங்கறேன். அது செல்லுக்குள்ள போய் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடிக்கும். பலம் கம்மிதான், ஆனா நம்ம கணக்கைக் கெடுக்க அது போதும். ரெண்டு தட்டுக்கும் ஹார்மோன் போன மாதிரிதான். இத்தனை மாசமா நம்மகிட்ட வெறுந்தட்டுன்னு ஒண்ணு இருந்ததே இல்ல."

இதயக்காவின் கை அப்படியே நின்றது. அவள் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு மேடம் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மேடம், இதை அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்திடும்?"

"மீட்டிங்ல சொன்னேனே."

"மீட்டிங்குக்கு எங்களை எப்ப கூப்பிட்டீங்க? டீ கொண்டு வரத்தான் கூப்பிட்டீங்க."

மேடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "வாஸ்தவம்தான். தப்பு என்னுது" என்றார். அந்தம்மாவை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். சாயம் இல்லாத மீடியத்தை ஊற்றும்போது இதயக்கா, குழந்தையைச் சட்டையில்லாமல் பள்ளிக்கூடம் அனுப்புகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். சாய பாட்டிலை நான் வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவளை நம்ப முடியாது பாருங்கள்.

ஆக்சிஜனை நிறுத்தித் திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தது. மேடம், இதயக்கா, நான் மூவரும் மைக்ராஸ்கோப்போடு இணைத்திருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்துத்தட்டில் செல்கள் திணறின, இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுந்தன, பிறகு கைகோத்த மாதிரி சேர்ந்து துடித்தன. அடுத்து வெறுந்தட்டு. அதில் பாதி எழவே இல்லை. எழுந்தவையும் ஆளுக்கொரு பக்கம் வெட்டி வெட்டி இழுத்தன. சில செல்கள் ஒருமுறை சுருங்கின, அப்படியே இறுகிப்போயின.

"அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன்!" என்று மேடம் சின்னப் பெண் மாதிரி குதித்தார்.

இதயக்கா குதிக்கவில்லை. அவள் கண்ணில் நீர் நின்றது. "இது நான்டி," என்றாள் என்னிடம் மெதுவாக. "எங்கம்மாவும் இதுதான்."

அடுத்த நொடி அவள் கை ஈஸ்ட்ரோஜன் பாட்டிலை நோக்கிப் போனது. பிப்பெட்டில் உறிஞ்சியும்விட்டாள். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுடி. ஒரே ஒரு சொட்டு. பாவம்டி, அதுங்களுக்குக் கேக்கக்கூட வாயில்ல."

"உனக்கு இருக்குல்ல? அதுல போடு!"

ஏப்ரன் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது ஏதுடி?"

"குப்பையிலேருந்து எடுத்தேன்."

"குப்பையைக் கிளறுனியா? உனக்கேன்டி இந்த வேலை?"

"பாத்துட்டு எப்படிக்கா சும்மா இருக்கறது?"

மேடம் தொண்டையைச் செருமினார்.

"இது எலிச் செல்தான், இதை நம்பி முழுங்காதீங்க. டாக்டர் சொன்னாங்களே, அதை நம்பி முழுங்குங்க. ஆனா இங்க வேணாம், லேபுக்குள்ள எதையும் வாயில போடக்கூடாது."

இதயக்கா பிப்பெட்டில் இருந்ததைக் கழிவில் விட்டாள். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, என்னிடமிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சந்தேகம். "நாக்கை நீட்டு" என்றேன். நீட்டிக் காட்டிவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகு உள்ளே வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெறுந்தட்டில் இன்னும் சில செல்கள் இழுத்துக்கொண்டிருந்தன. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசிச் செல் நிற்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டுகூடப் போடவில்லை.