நான்கு சென்டிமீட்டர் வாசற்படி

வலது கை ரசமட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தில் அழுத்திப் பிடிக்க, இடது கை மறுமுனையை மெல்லத் தூக்கியது. குமிழி நடுவில் வந்து நின்றதும், வலது கை அடியில் விழுந்த இடைவெளியை டேப் வைத்து அளந்தது. நூற்றிருபது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உயரம். சரி. பென்சில் தாளில் ஒரு டிக் போட்டது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ராஸ் அல் கைமாவின் மலையடிவாரத்தில், அந்நாட்டுக் குடிமக்களுக்காகக் கூட்டரசுப் பணத்தில் கட்டிய இருபது வீடுகள் அவை. சக்கர நாற்காலியில் வருகிறவர் பிறர் கையை எதிர்பாராமல் உள்ளே போக முடிகிறதா என்று பார்ப்பது கார்மேகத்தின் வேலை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்தவர். அளவு விதிகளின் இங்கிலீஷை அகராதி வைத்துத் தானே படித்து, கன்சல்டன்ட் கம்பெனியில் செக்கர் ஆனவர். முதல் சுற்றில் இருபது வீட்டுக்கும் அவர் போட்ட கையெழுத்து மேலிடத்துக்குப் போய்விட்டது. 2008 மார்ச்சில் அன்று கடைசிச் சுற்று. மாலையில் தாளைக் கொடுக்க வேண்டும், மறுநாள் வீட்டுக்காரர்களுக்குச் சாவி.

இந்த முறை கிளினிக்கில் ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கி வந்திருந்தார். தானே உட்கார்ந்து தள்ளினார். சாய்தளத்தில் சுலபமாக ஏறிய நாற்காலி வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தார். குறுக்கே மார்பிள் பட்டை, நான்கு சென்டிமீட்டர் உயரம்.

"அருளு, இது டிராயிங்ல இல்லையேப்பா?"

கான்ட்ராக்டரின் போர்மேன் அருள்ராஜும் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர்தான். சிரித்தார். "வாசப்படி இல்லாம வீடாண்ணே? டிராயிங் போட்டவன் மறந்துட்டான்னு நம்ம பயலுகளே வச்சுட்டானுவ. மஞ்சக் குங்குமம் வைக்காததுதான் பாக்கி."

கார்மேகம் சிரிக்கவில்லை. முதல் சுற்றில் இதே இருபது வாசலிலும் கதவின் அகலத்தை அளந்திருந்தார். படியை அளக்கவில்லை. வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகிய கால் தானாகத் தாண்டிப் போயிருக்கிறது. தாண்டியது கண்ணில் படவே இல்லை.

ஒவ்வொரு வீடாகத் தள்ளிப் பார்த்தார். இருபதிலும் முட்டியது.

"ஏற்கெனவே பாஸ் போட்டுட்டீகண்ணே," என்றார் அருள்ராஜ், குரலைத் தாழ்த்தி. "இப்ப பெயிலுன்னு எழுதுனா மொத அடி உங்களுக்குத்தான். விசாவக் கேன்சல் அடிச்சு ஊருக்குப் பிளைட் ஏத்தி விட்ருவான்."

"தெரியும். நீ இதுல உக்காந்து உள்ள போ, பாப்போம்."

அருள்ராஜ் விளையாட்டாகத்தான் உட்கார்ந்தார். மூன்று முறை தள்ளினார். மூன்றாம் முறை மோதிய வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டது. கார்மேகம் பிடித்து நிறுத்தினார். அருள்ராஜ் இறங்கி, படியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"கலாஸ், அவ்வளவுதாண்ணே. படிய அறுத்தெடுக்கக் கிரைண்டர் கொண்டாரச் சொல்றேன். நாலு நாளாவும்."

கார்மேகம் இருபது வரி எழுதினார். இருபத்தொன்றாவதாக இன்னொன்று.

சைட் ஆபீசில் கார்மேகத்தின் கம்பெனி என்ஜினீயர் அனந்தகிருஷ்ணன் அதை இரண்டு தடவை படித்தார். "'முதல் சுற்றில் கவனிக்கத் தவறியவன் நான்'. இந்த வரி எதுக்கு கார்மேகம்? படி தப்புன்னு மட்டும் இருந்தாப் போதுமே. உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

"மொதத் தாள்லயும் என் பேருதான சார் இருக்கு."

அந்த வரியை அடித்துத் தரச் சொல்லி என்ஜினீயர் தாளைத் திருப்பி நீட்டினார். கார்மேகம் வாங்கி, மேசையில் வைத்து, அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் மறுபடி அவரிடம் கொடுத்தார்.