அவர்கள் வாசிக்கும் நேரம்

“ஆளு போனா வாசிப்பும் போயிரும். அதுல என்ன ஆத்தா மிஞ்சும்?” நான் கீபோர்டு வாங்கியபோது சித்தப்பா கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்; நானும் அந்தக் கேள்வியோடுதான் திருவிழாவில் வாசிக்கக் கீபோர்டைக் கொண்டுபோனேன்.

ஆவூர் மாதா கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த ஜாஸ் பியானோக் கலைஞர் என் கீபோர்டில் அமர்ந்தார். மெலிந்த உடம்பு, முழங்கைவரை மடித்த சட்டை. தானாகத் தாளம் போடும் பொத்தானை முதலில் அணைத்தார். வாசிப்பின் நடுவே கைகளை எடுத்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி, யாரையோ ரசிப்பவர்போல் தலையாட்டினார். பிறகு தாளம் பிசகாமல் தொடர்ந்தார்.

“மறந்துட்டீங்களாய்யா?” என்றேன்.

“இல்லம்மா. நாங்க மூணு பேரு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் வாசிச்சவங்க இப்ப உயிரோட இல்ல. இது அவங்க வாசிக்கிற நேரம்.”

அவர் கையெடுத்திருந்த அந்த இடைவெளியிலும் என் கால் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

கீரமங்கலத்தில் டிரம்ஸ் வாசிக்கும் தோழியையும், பேஸ் கிட்டார் வாசிக்கும் அவள் அக்காவையும் ஒத்திகைக்கு அழைத்துவிட்டேன். அந்தத் தாளப் பொத்தானின் மேல் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று.