மார்த்தாவின் சுவரொட்டி

மகள் பல்கலைக்கழகப் போராட்டச் சுவரொட்டிகளுக்கு மாப்பசை காய்ச்சினாள். அந்த மணத்தில், எண்பதுகளின் நடுவில் அம்மாவும் நானும் அகதிகளாக இருந்த டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரம் திரும்பி வந்தது.

மேல்வீட்டு மார்த்தா சிலியின் இராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்தவள். லத்தீன் அமெரிக்க மாணவர் சங்கத்தில் இருந்தாள். ஒருநாள் அவள் பல்கலைக்கழகச் சுவரில் சுவரொட்டி ஒட்ட, அம்மாவும் நானும் துணைக்குப் போனோம்.

வெளிநாட்டவரை வெறுக்கும் மொட்டைத்தலை இளைஞர் இருவர் வந்து அவளைச் சங்கிலியால் அடித்தார்கள். ஒருவன் அவள் முகத்தைச் சுவரில் மோதினான். பல் உடைந்து இரத்தம் கொட்டியது. அம்மா பசை வாளியைத் தூக்கி அவன் மண்டையில் ஓங்கி அடித்தார். அவன் சுருண்டு விழுந்தான். மற்றவன் அவனை இழுத்துக்கொண்டு ஓடினான்.

"ஏனம்மா அடிச்சனீங்கள்?" அழுதபடி கேட்டேன்.

"யாழ்ப்பாணத்தில ஆமி உன்ர அண்ணையை அடிச்சுக் கொல்லேக்க பாத்துக்கொண்டு நிண்டனான். இனி ஏலாது பிள்ளை."