இருட்டில் வாசித்த பிள்ளை

திருச்சுழிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளிலேயே, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கத் துணிந்த முதல் அப்பன் நான்தான்.

இது பொய். துணிந்தது என் வீட்டுக்காரி. அவள் முடிவெடுத்த அன்றைக்கு நான் குட்டியானைக்கு அடியில் நிழல் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். குட்டியானை என்றால் என் லோடு வண்டி. காலைத் தட்டி எழுப்பி, "நாளையில இருந்து பிள்ளைய வேன்ல ஏத்தப் போறதில்ல" என்றாள். "எந்த வேன்ல?" என்று கேட்டேன். அந்த முடிவில் என் பங்கு அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, பெண் பிள்ளை. பரளச்சிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து டவுன் இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனில் போய்ப் படித்தாள். விடியவும் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவாள். முதல் வருஷம் வேனில் வாந்தி எடுத்தாள். இரண்டாம் வருஷம் பேச்சை நிறுத்திவிட்டாள். வகுப்பில் மட்டுமில்லை, வீட்டிலும். எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவாள். ஊரில் சொன்னால், "நீ வாய மூடுனாத்தானப்பா அது பேசும்" என்றார்கள். அதையும் செய்து பார்த்தேன். ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்காரி எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்தாள். பிள்ளை பேசவில்லை. டாக்டர் காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்.

வேனை நிறுத்திக் கொஞ்ச நாளில், முற்றத்தில் காயப்போட்டிருந்த மல்லியைக் கொத்த வந்த கோழியைப் பார்த்து, "போ சனியனே" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் கைகால் ஓடவில்லை. அந்தக் கெட்ட வார்த்தைக்கு நின்ற இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னோம்.

அப்படித்தான் வீட்டுப் படிப்பு ஆரம்பித்தது. வீட்டுக்காரி டீச்சர் டிரெயினிங் முடித்தவள். வெயில் ஏறுவதற்குள் கணக்கும் இங்கிலீஷும் நடத்திவிடுவாள். அடுப்படியில் பாடம் கிடையாது. பாடத்துக்கென்று ஒரு பாய். பாயில் உட்கார்ந்தால் டீச்சர், எழுந்தால் அம்மா. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா அந்தப் பிரசங்கத்தைச் செய்யும்வரை. ஐயா என்றால் எங்கள் சபைப் போதகர். வீட்டில் பிள்ளைக்கு வேதத்தைச் சொல்லிக்கொடுப்பது தகப்பனுடைய கடமை என்றார். வீட்டுக்காரி வீடு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். வேதம், அதாவது வீட்டிலிருக்கும் பைபிள், தமிழில்தான் இருக்கிறது. ஆகவே தமிழ் வாசிப்பு தகப்பன் நடத்த வேண்டிய பாடம்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி வாத்தியார் வேலைக்குப் படித்தவள். இன்னொருத்தன் அஞ்சாப்பு வாசலைப் பார்த்துவிட்டு ஆடு மேய்க்கத் திரும்பியவன். எழுத்துக் கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். தமிழை என்னிடம் ஒப்படைத்தோம். ஜெபம் பண்ணித்தான் ஒப்படைத்தோம். வேதக்காரக் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது.

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடத்தினேன். சின்ன வயதிலிருந்து ஜெபத்திலும் ஆராதனையிலும் காதில் விழுந்த வசனங்கள் எனக்கு ஏராளமாகத் தெரியும். வேதத்தை மடியில் விரித்து, வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு நான் சொல்வேன். அவளும் விரலை ஓட்டிக்கொண்டு சொல்வாள். கொஞ்ச நாளில் விரலும் வாயும் அவ்வளவு அழகாகச் சேர்ந்து ஓடின. அதிகாரம் அதிகாரமாக வாசித்தாள். சபையில் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். வீரசோழன் சந்தையில் மூட்டை இறக்கும்போது, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் நான் பாடம் எடுத்தேன். "அடிக்க வேணாம், மெரட்ட வேணாம். பக்கத்துல உக்காந்து அன்பாச் சொன்னாப் போதும்."

என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் அண்ணன், பாளையம்பட்டியில் குடியிருக்கிறார். வாத்தியார். ஆரம்பத்திலிருந்தே இந்த ஏற்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் பொழுது சாய, காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தார். ராத்திரி ஜெபத்தை வேண்டுமென்றே சாப்பாட்டுக்கு முன்னாடி வைத்தேன். பிள்ளையை வாசிக்கச் சொன்னேன். கணீரென்று வாசிக்க ஆரம்பித்தாள்.

பாதியில் கரண்டு போனது.

வீடு கும்மிருட்டு. வாசிப்பு நிற்கவில்லை. ஒரு வசனம், அடுத்த வசனம், அதற்கடுத்த வசனம். ஒரு சொல் தடங்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருட்டில் மச்சான் இருந்த பக்கமாகத் திரும்பி, "பாத்தியளா மச்சான், இருட்டுலகூட எப்புடி வாசிக்கிறா!" என்றேன்.

மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, பிள்ளைக்கு ஆந்தைக் கண்ணா?"

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உறைத்தது, இருட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. பிள்ளை மட்டும் அதிகாரத்தை முடித்து "ஆமென்" என்றாள்.

கரண்டு வந்ததும் மச்சான் பொட்டலத்தைப் பிரித்தார். சேவைத் தட்டில் கொட்டிவிட்டு, அந்தப் பழைய பேப்பரை நீவி அவள் மடியில் வைத்தார்.

"இதுல மேல பெருசாப் போட்டிருக்குல்ல, அத மட்டும் மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு தாயி."

பிள்ளை விரலை வரியில் வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். எனக்கும் அந்த வரி தெரியாது. இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியாத பிள்ளையை அத்தனை நாளும் ஊரே பாராட்டியிருக்கிறது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அவள் வாசித்த வசனமெல்லாம் கேட்டவர்களுக்கும் மனப்பாடம். யாருமே பக்கத்தைப் பார்க்கவில்லை.

"ஏத்தா, டிரெயினிங் படிச்சவ நீ. இவன்கிட்டயா தமிழக் குடுத்த?" என்று தங்கச்சியைக் கேட்டார் மச்சான்.

"ஐயா சொன்னாகண்ணே, தகப்பன்தான்..."

"ஐயா வேதத்தச் சொல்லிக்குடுக்கச் சொன்னாக. அனா ஆவன்னாவ இவன் தலையில கட்டச் சொன்னாகளா? இவனுக்கே ஒரு ஆளு சொல்லிக்குடுக்கணும்."

"அது நெசந்தான் மச்சான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஈஸ்டருக்கு வாரேன். அன்னைக்கு நான் கொண்டார காகிதத்த இவ வாசிக்கணும். இல்லையா, ஜூன் மாசம் வேன்ல ஏத்துங்க."

வேன் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளை முகத்தில் இருந்த களையெல்லாம் வடிந்துபோனது. தட்டிலிருந்த சேவை அவள் தொடவில்லை. மறுநாள் பேசவில்லை. கோழி வந்து மல்லியைக் கொத்தியது, பார்த்துக்கொண்டே நின்றாள். என் வாழ்நாளில் நான் ஒரு கோழியைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரி தமிழை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். பாயில் எனக்கும் இடம் போட்டாள், மாணவனாக. இப்போது எங்கள் சபை ஆட்கள் சிலர், பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கலாமா, எப்படித் தொடங்குவது என்று கேட்டு வருகிறார்கள். பாய், நேரம், பரீட்சை இதையெல்லாம் வீட்டுக்காரியிடம் கேளுங்கள். நான் சொல்வது இது ஒன்றுதான். தெரிந்த வசனத்தை வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வசனம் ஜெபத்துக்கு இருக்கட்டும், பிள்ளை அதைக் காதால் கேட்டு நெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும். எழுத்துக்கு, அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் பிள்ளைக்கும் அடுத்த சொல் என்னவென்று தெரியாத காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதத்தைத் தேடும் வேலை எனக்கு வந்தது. லோடுக்குப் போகும்போது பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டேன். உர மூட்டை, பஸ்ஸு போர்டு, சுவரில் எழுதியது, எதைக் கண்டாலும் வண்டியை ஓரம் கட்டினேன். பார்ப்பாள், பேசமாட்டாள். அருப்புக்கோட்டைக்குள் நுழையும்போது ஒரு நாள், சுவரைப் பார்த்துக்கொண்டே, "கண்... ணீர்" என்றாள்.

நடு ரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த டவுன் பஸ்ஸுக்காரர் என் குடும்பத்தையே விசாரித்தார். "அஞ்... சலி" என்று முடித்துவிட்டு, "ப்பா, இந்தத் தாத்தா செத்துப்போனாகளா?" என்று கேட்டாள். யாரோ ஒரு புண்ணியவான், மாலையோடு போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். ரோட்டோரம் போன அம்மா ஒருத்தர் நின்று, "ஒனக்கு என்ன வேணும்யா அவுக?" என்று போஸ்டரைக் காட்டித் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தப் போஸ்டரில்தான் எழுத்துப் பெரிதாக இருந்தது. அதனால் அதற்கப்புறம் ஊர் ஊராகச் சாவுப் போஸ்டராகத் தேடிப் போனோம். "அகால மரணம்" என்பதைத் தடங்காமல் வாசிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒங்க கண்ணுல ஒரு கல்யாண போஸ்டருகூடவா படாது?"

"கல்யாணத்துக்கு எழுத்து சிறுசா இருக்கு. போட்டோதான் பெருசா இருக்கு" என்றேன்.

ஈஸ்டர் வந்தது. ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என்ன காகிதம் என்று எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்தார்.

"மாப்ளே, நீ வெளிய போயி வண்டிகிட்ட நில்லு. ஒன் வாயி இந்த வீட்டுக்குள்ள இருக்கப்படாது."

போய் நின்றேன். கதவைச் சாத்தினார்கள். உள்ளே சத்தமே இல்லை. கரிக்கடைக்காரருக்கு லோடு அடிக்கும்போது மூட்டை மேல் போர்த்தும் தார்ப்பாயை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். பேச்சு நின்றுபோன அந்தப் பழைய முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. அப்புறம் மச்சான் குரல் மட்டும் கேட்டது. "ம், அடுத்து" என்றார். பிள்ளை குரல் கேட்கவில்லை. கதவில் காதை வைக்கலாம் என்று படியில் ஒரு காலை வைத்தேன், அப்போது...

"ப்பா. ஒங்க போனுல மெசேஜு வந்திருக்கு."

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். போன் சார்ஜில் கிடக்கிறது. வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கிறாள்.

"என்னத்தா போட்டிருக்கு?"

"'கரி மூட்டை கட்டி... யாச்சு. சோம்... பேறிப் பயலே, வண்டிய எடு.' ப்பா, ஒங்களையா சொல்லுறாக?"