மாற்று டூட்டி

டூட்டி சார்ட் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மனிதர்கள் மேல் வெறுப்பு வர அதைவிடக் குறுக்கு வழி கிடையாது. எழுபதுகளில் லஸ் பக்கம் ஒரு சின்னப் பிரசவ நர்சிங் ஹோமில் நான் ஹெட் நர்ஸ். நர்சிங் ஹோமும் பிரசவமும் டாக்டரம்மாவுடையவை. ஆட்களைக் கட்டி மேய்ப்பது என் தலையில் விழுந்தது. வாரா வாரம் சார்ட் எழுதிச் சுவரில் மாட்டுவேன். மாட்டிய கை இறங்குவதற்குள் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒருத்தி வீட்டில் திவசம், இன்னொருத்தி பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கும். பொய் சொல்கிறவளைத் திட்டி அனுப்பிவிடலாம். நியாயமாகப் பேசுகிறவளை என்ன செய்வது? பெரும்பாலும் எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.

பண்டிகை வந்தால் இன்னும் மோசம். வலி எடுப்பதற்கு நாள் கிழமை ஏது? லேபர் வார்டில் எந்நேரமும் ஓர் ஆயா இருந்தாக வேண்டும், அடுத்தவள் வந்து பொறுப்பேற்காமல் இருப்பவள் நகரக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. ஆயாக்களில் பாதிப் பேர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கோ எந்தப் பண்டிகையும் கிடையாது. சார்ட் போடுகிறவள் தனக்கே லீவு எழுதிக்கொண்டால் அப்புறம் யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்?

அந்த இழுபறியில் எனக்கிருந்த ஒரே நிம்மதி, இரண்டு ஆயாக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒருத்தி பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக் குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண். இன்னொருத்தி சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிற இந்து. நாங்கள் அவர்களை ஊர்ப் பெயராலேயே கூப்பிடுவோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்டினப்பாக்கம் வேலை பார்ப்பாள். கிறிஸ்துமஸுக்கும் புனித வெள்ளிக்கும் சிந்தாதிரிப்பேட்டை. என்னைக் கேட்டு ஆரம்பித்ததில்லை, நானும் ஏன் என்று கேட்டதில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு மனசு லேசாகும்.

ஒரு வருடம் பட்டினப்பாக்கத்தின் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதே வருடம் ஆவணியில் சிந்தாதிரிப்பேட்டை தன் மகளைக் கட்டிக்கொடுத்தாள். ஐப்பசி பிறந்ததும் தினசரி காலண்டரைப் புரட்டிய எனக்குத் திக்கென்றது. தீபாவளியும் கல்லறைத் திருநாளும் ஒரே நாளில் விழுந்திருந்தன. ஒருத்திக்குத் தலைதீபாவளி, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இன்னொருத்திக்குப் புருஷன் கல்லறையில் முதல் முதலாக மெழுகுவத்தி ஏற்ற வேண்டிய நாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பேசி முடித்திருந்தார்கள். எண்ணெய்க் குளியல் விடிகாலையில், பாதிரியார் ஜெபம் சொல்லிக் கல்லறை மந்திரிப்பது சாயங்காலம். ஆகவே காலையில் பட்டினப்பாக்கம் இருப்பாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிந்தாதிரிப்பேட்டை வந்து அவளை அனுப்புவாள். கல்லறைத் தோட்டம் எங்கள் நர்சிங் ஹோமிலிருந்து நடந்து போகிற தூரம்தான். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

தீபாவளியன்று காலையிலேயே இரண்டு பெண்கள் வலியோடு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் டாக்டரம்மாவும் நானும். தலைப்பிரசவமான இன்னொரு பெண்ணுக்குப் பட்டினப்பாக்கம் துணை. வெளியே வெடிச் சத்தம் அடங்கி மத்தியானம் ஆயிற்று. சிந்தாதிரிப்பேட்டை வரவில்லை. நான் ஒரு நிமிஷம் வெளியே வந்து வாட்ச்மேனை அவள் வீட்டுக்கு விரட்டினேன். அவர் போய்த் திரும்பிய நேரத்தில் வெயில் சாய்ந்துவிட்டது. தனியாகத்தான் வந்தார்.

"வாசல்லயே மாப்ளயும் சம்பந்தியும் சேர் போட்டு ஒக்காந்துகினு கீறாங்க சிஸ்டர். என்னைப் பாத்ததும் அந்தம்மா கண்ணாலயே போ போன்னுச்சு. நான் இன்னா பண்றது?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைத்தான் திட்டினேன். பிறகு லேபர் வார்டுக்குள் போய், நீ கிளம்பு, டாக்டரம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று பட்டினப்பாக்கத்திடம் சொன்னேன். கட்டிலில் கிடந்த பெண் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டினப்பாக்கம் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு கைய உடமாட்டேங்குது சிஸ்டர். உங்களையும் அந்த ரூம்ல கூப்புடுறாங்க. நான் போய்ட்டா இவளுக்கு யாரு?"

அடுத்த அறையில் டாக்டரம்மா மறுபடியும் குரல் கொடுத்தார், போனேன்.

விளக்கு வைத்த பிறகுதான் சிந்தாதிரிப்பேட்டை வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மூச்சு இரைத்தது. பட்டினப்பாக்கம் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வெந்நீர் எங்கே இருக்கிறது, எந்தத் துணி மாற்ற வேண்டும் என்று முறையாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி போனாள். அவள் தெருமுனை தாண்டியதும் இவள் சுவரில் சாய்ந்து அழுதாள். சம்பந்தி வீட்டில் இவள் ஆயா என்று சொல்லவில்லையாம்.

"ஆஸ்பத்திரில வேலைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். இன்னா வேலைன்னு கேட்டா பொண்ணு மானம் போய்டும் சிஸ்டர். அவுங்க சினிமாவுக்குக் கிளம்பற வரைக்கும் வூட்ட உட்டு நகர முடில."

திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீணாய்ப் போயின. பெட்பேன் கழுவுகிற கையை மறைக்கத்தான் அவள் வீட்டிலேயே அடைந்து கிடந்திருக்கிறாள். அதற்கு அவளைத் தண்டிக்க எந்த விதியில் இடம் இருந்தது?

மறுநாள் பட்டினப்பாக்கம் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னாள். பாதிரியார் மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். அவள் மாமியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் செய்து முடித்திருந்தாள். முதல் வருடமே பெண்டாட்டியைக் காணோமே என்று சனங்கள் பேசினார்களாம். இவள் போன நேரத்தில் கல்லறைமேல் மெழுகு உருகிக் கிடந்தது, அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தவள் திரும்பி நின்றாள்.

"இனிமே யாருக்கும் மாத்தா என்னைப் போடாதீங்க. எனக்கு மாத்தாவும் யாரும் வேணாம். எந்த நாளா இருந்தாலும் நானே வந்துடறேன்."

ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சிந்தாதிரிப்பேட்டை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள், பேசிப் பார்த்தாள். பட்டினப்பாக்கம் வேலை விஷயமாகக் கேட்டதற்குப் பதில் சொன்னாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களுக்கு நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ண எனக்குத் தெம்பு இல்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டேன். டிசம்பர் சார்ட்டில் கிறிஸ்துமஸ் டூட்டிக்குச் சிந்தாதிரிப்பேட்டையைத்தான் எழுதி மாட்டினேன், எப்படியாவது ஒட்டட்டும் என்று.

கிறிஸ்துமஸ் அன்று பொழுது விடிவதற்கு முன்பே சிந்தாதிரிப்பேட்டை வந்து உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் பட்டினப்பாக்கமும் வந்தாள், துவைத்து வெளுத்த பழைய புடவையில். வீட்டுக்குப் போ, பிள்ளைகள் காத்திருக்கும் என்று நான் சொன்னேன். வேண்டாம் சிஸ்டர் என்றாள். சிந்தாதிரிப்பேட்டையும் எழுந்திருக்கவில்லை. அன்று லேபர் வார்டில் பிரசவத்துக்கு ஒருத்திகூட வரவில்லை. காலிக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக உட்கார்ந்து, மடித்து வைத்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தார்கள்.

பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பண்டிகையும் அதுவுமாக இரண்டு ஆயாக்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒருவழியா இவங்களை எல்லாம் வழிக்குக் கொண்டு வந்துட்டீங்க சிஸ்டர்," என்றார்.

ஆமாம் டாக்டர் என்று சொல்லி, அவருக்குப் பின்னால் அடுத்த அறைக்கு நடந்தேன்.