காற்றுப் போன ஸ்டவ்

மும்பைக்கு வெளியே, கர்ஜத் பக்கம் மண்சாலை தொடங்கும் இடத்தில் எங்கள் சைக்கிள் குழு நின்றது. மண்ணில் பிடிப்புக் கிடைக்க ஒருவர் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். அந்த ‘உஸ்’ சத்தம் என்னைத் தாராவிக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா சந்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, கிராமத்துச் சாலைகள் வழியாக வஜ்ரேஸ்வரி கோயிலுக்குச் சைக்கிளில் கிளம்பினார். தோல் வாடை அடிக்கும் தெருமுனையில் நானும் வாடகைச் சைக்கிளோடு நின்றேன். அவர் குனிந்து இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்.

“பொட்டப்புள்ளைக்கு ஊர் சுத்த ஆசையாட்டி?”

பையன்கள் சிரித்தார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை எல்லாரும் பசியோடு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

“மைனி, தோசை போடுங்க” என்றார் சித்தப்பா.

அம்மா எரிந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டாள். சுடர் அணைந்து மண்ணெண்ணெய் நாற்றம் பரவியது.

“காத்து போயிருச்சு தம்பி. எம்புள்ளகிட்ட மன்னிப்புக் கேக்கிறவுகளுக்குத்தான் அடுப்பு எரியும்.”

பையன்கள் உடனே மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் தின்ற முறுகல் தோசையின் வாசனையில் சித்தப்பா பட்டினியாகப் படுத்தார். நான் கூடுதலாக இரண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

இங்கே எங்கள் குழு கிளம்பிவிட்டது. மேட்டில் ஓங்கி மிதித்தேன். சாகும்வரை சித்தப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் இன்றுவரை மன்னிக்கவில்லை.