ஆலூகிக்கு ஒரு மடி

வடகோடியில் பனி சூழ்ந்த ஊரான பாங்னிர்துங்கில் ஊலீபிகா தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். வீடு வீடாக லாரியைப் பின்னுக்கு எடுத்து ஒட்டி நிறுத்தி, தொட்டியை நிரப்பி, குழாய் உறைவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பொம்பளைக்கு இது ஆகாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு ஆள் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்குத் தண்ணீர் கடைசியில்தான் போனது. கேட்டதற்கு, "வரிசைப்படிதான் வந்தேன்" என்றாளாம். வரிசையைப் போட்டவளே அவள்தான்.

அவள் அம்மாவும் நானும் சித்தி பெரியம்மா பிள்ளைகள். நான் இக்காலுயிட் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் வார்டு உதவியாளராக வேலை பார்த்தவள்.

அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆலூகி பெண், டேவிடி பையன். ஆலூகிக்குப் பிறக்கும்போதே அண்ணத்தில் பிளவு. குடித்த பால் மூக்கு வழியே வரும். பதினான்காம் மாதம் ஒட்டாவாவில் தைத்தார்கள். இன்னொன்றை ஊரில் விட்டுவிட்டு வரச் சொன்னதற்கு, "ரெண்டையும் சேர்த்துத்தான் சுமந்தேன்" என்று தங்கையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். தங்கையின் குழந்தைக்குக் காய்ச்சல் வர, அவள் நடுவிலேயே திரும்பிவிட்டாள். ஒட்டாவாவிலிருந்து வரும் வழியில் லீவில் வந்த நர்ஸ் ஒருத்தி டேவிடியை மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் என்பதால் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. விமானம் மாற இக்காலுயிட்டுக்கு வந்தால், பாங்னிர்துங்கில் பலத்த காற்று. விமானம் இல்லை. இரண்டு நாள் என் வீட்டில் இருந்தார்கள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தையல் ஆறும்வரை ஆலூகிக்குப் பாட்டில் கூடாது, கப்பில்தான் குடிக்க வேண்டும். டேவிடி எதிரே உட்கார்ந்து குடித்தால்தான் ஆலூகி குடித்தாள். சோதித்துப் பார்க்காமல் எதையும் நான் நம்புவதில்லை. அவனை அடுத்த அறையில் வைத்துவிட்டு நாற்பது நிமிஷம் முயன்றேன். வாயைத் திறக்கவில்லை. அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன், மூன்று நிமிஷத்தில் கப் காலி. அரை நாள் குடிக்காமல் இருந்தால் மறுபடி டிரிப்ஸ், மறுபடி ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, இந்த இரண்டையும் பிரிக்கக் கூடாது.

மூன்றாம் நாள் காலை காற்று அடங்கியது. வழியனுப்ப நானும் கூடப் போனேன். விமான நிலையத்தில் இரண்டு நாள் கூட்டமும் ஒன்றாக நின்றது. கவுன்டரில் தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த டெனிஸ் என்ற பெண்.

"ஒரு பெரியவங்களுக்கு ஒரு மடிக்குழந்தைதான், மேடம். சீட்டும் காலி இல்ல. ஒரு குழந்தைய இன்னைக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னொண்ணு இந்தம்மாகூட நாளைக்கு வரட்டும்."

"நான் லாரி ஓட்டுறவ. ரெண்டு சக்கரத்த இன்னைக்கு ஓட்டிட்டு, மிச்சத்த நாளைக்கா ஓட்டுவேன்?"

வரிசையில் பாதிப் பேர் கையை நீட்டினார்கள். ஆனால் சிகிச்சைப் பயணத்தில் மடியில் வைத்துக்கொள்கிறவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், என்ன உறவென்று எழுத வேண்டும் என்றாள் டெனிஸ். பின்னாலிருந்து மோசசி வந்தான். ஐம்பத்து நாலு வயது, சீல் வேட்டைக்காரன், பல் பிடுங்க வந்து அவனும் மாட்டிக்கொண்டவன். அவனைப் பார்த்ததும் மற்றவர்கள் கையை இறக்கினார்கள். ஆலூகி விஷயத்தில் அவனுக்கு முன்னால் யாருக்கும் உரிமை கிடையாது.

"நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?"

"மகன்."

டெனிஸ் நிமிர்ந்தாள். "சார், வெளையாட நேரமில்ல."

"யாரு வெளையாடுறா? இவங்க எங்கம்மா."

மோசசியின் அம்மா ஆலூகி இரண்டு வருஷத்துக்கு முன் குளிர்காலத்தில் இறந்தாள். அதன் பிறகு பிறந்த முதல் பெண்ணுக்கு அந்தப் பெயர் போனது. எங்கள் ஜனங்களிடம் இறந்தவர் பெயர் ஒரு குழந்தைக்குப் போனால் உறவும் கூடவே போகும். பிறந்த நாளிலிருந்து அவன் இவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். வேட்டையில் முதல் பங்கு இவளுக்குத்தான்.

"மாமான்னு எழுதிக்கட்டுமா?" என்றாள் டெனிஸ்.

எனக்கும் பொறுமையில்லை. "எழுதட்டும் விடுடி. காத்து மறுபடி கெளம்பிடும்."

ஊலீபிகா படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "மாமா இல்ல, பெரியம்மா. எம்பொண்ணு வாயத் தைச்சுட்டு வந்திருக்கா. அவளால பேச முடியலன்னு அவ மகனை யாரோ ஒருத்தன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? மகன்னு எழுது."

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அம்மாவுக்கு வயசு ஒண்ணு, மகனுக்கு அம்பத்தி நாலு."

"அப்ப கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடு. நான் நகரப் போறதில்ல."

வரிசையும் நகரவில்லை. ஒரு கிழவர் பெட்டி மேல் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டார். டெனிஸ் அவரைப் பார்த்தாள், ஊலீபிகாவின் கையைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். கையாலேயே 'மகன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாள்.

என் கவலை அதற்கப்புறம்தான் தொடங்கியது. அம்மாவுக்கு மோசசி எதையும் இல்லை என்று சொல்ல மாட்டான்.

"பையக் காலி பண்ணு" என்றேன்.

காய்ந்த மீன், ரொட்டித் துண்டு, பாதி சாக்லேட். எல்லாம் தையலைக் கிழிக்கிற சாமான்.

"அவங்க கேட்டா நான் எப்பிடிக்கா மறுக்கிறது? அப்பவே மறுத்ததில்ல."

"அதான் பைய காலி பண்ணச் சொன்னேன். அவ கை மடங்காமக் கட்டியிருக்கு, அவுக்காத. வாய்க்குள்ள எந்த விரலும் போகக் கூடாது. ஒன் விரலும்தான். டேவிடிய அவ பார்வையில வச்சுக்கிட்டு, கெளம்புறப்பவும் எறங்குறப்பவும் கப்பக் குடு."

"அழுதா?"

"அழட்டும். அழுதா காது அடைக்காது."

ஊலீபிகா டேவிடியை முதுகுப்பையிலிருந்து எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டாள். மோசசி ஆலூகியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பனிமேல் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்தான். ஊலீபிகா அவனுக்குப் பின்னாலேயே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்த ஊலீபிகாவிடமிருந்து போன் வந்தது.

"குடிச்சாளா?"

"ஒன்றரைக் கப். டேவிடி பக்கத்து சீட்ல என் மடியில குடிச்சான். இவ அவன் மூஞ்சியவே பார்த்துக் குடிச்சா."

"தையல்?"

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரத்தம் இல்ல. ரெண்டும் தூங்குது. குடிக்க எழுப்பட்டுமா?"

"இப்ப வேணாம். ரெண்டு மணிக்கு எழுப்பு. ரெண்டையும் சேர்த்து எழுப்பு."